பதினான்கு முறை 'வாடை இல்லை'

கொழுப்பு உருக்கும் ஆலையில் வாடைப் புகார்களைக் கவனிப்பது அவருடைய வேலை. தொழிலாளர்கள் அவரை 'மூக்கு சார்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, நேரிலேயே. புகார் வந்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்குப் போய் நின்று, முகர்ந்து பார்த்து, பதிவேட்டில் 'வாடை உண்டு' என்றோ 'வாடை இல்லை' என்றோ எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒருமுறைகூட அவர் தாமதித்ததில்லை.

அந்த ஆண்டில் பதினான்கு புகார்கள் ஒரே விலாசத்திலிருந்து வந்திருந்தன. ஆலைக்குப் பின்தெருவில் உள்ள சலவைக் கடை. பதினான்குக்கும் 'வாடை இல்லை' என்றே எழுதியிருந்தார். ஆலைக்குச் சாதகமாக எழுதவில்லை. மூக்கில் பட்டதை எழுதினார்.

கடைசியாகப் போனபோது சலவைக்கார அம்மா கொடியிலிருந்து ஒரு படுக்கை விரிப்பை உருவி அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நல்லா மோந்து பாருங்க சார். கூச்சப்படாதீங்க, தொவச்சதுதான்."

முகர்ந்தார். "சோப்பு வாசம்தாம்மா வருது."

"சோப்புக்குப் பின்னாடி?"

"பின்னாடி ஒண்ணும் இல்லம்மா."

"மூக்கை வீட்டுலயே கழட்டி வெச்சுட்டு வர்றீங்களா?"

கேட்டாரே தவிர சிரிக்கவில்லை. அவர் கடைக்கு வரும் துணியில் முக்கால்வாசி ஒரு தங்கும் விடுதியுடையது. விரிப்புகள் நாறுவதாக விருந்தினர்கள் சொல்கிறார்களாம். திங்கட்கிழமை மாலையோடு துணி அனுப்புவதை நிறுத்தப்போவதாக விடுதிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். குறை சலவையில் இல்லை என்று ஆலை எழுதிக் கொடுத்தால் மட்டும் ஒரு மாதம் பொறுப்பார்கள்.

அதே திங்கட்கிழமை மாசுத் தடுப்பு ஆய்வாளர் வருவதாக இருந்தது. பதிவேட்டைப் பார்த்து அந்தப் பதினான்கையும் 'ஆதாரமற்றவை' என்று முடித்துவைப்பார். அதற்குப் பிறகு அந்த விலாசத்திலிருந்து எத்தனை புகார் வந்தாலும் யாரும் நேரில் போக வேண்டியதில்லை.

இடையில் மூக்கு சாருடைய மாமனாருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்துவிட்டு, திங்கட்கிழமை காலை நேராக வேலைக்கு வந்தார். பஸ் சலவைக் கடைக்கு எதிரே நின்றது. இறங்கியதும் குமட்டியது. எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று சாக்கடைப் பக்கம் பார்த்தார். இல்லை. தீய்ந்த கொழுப்பும் வெந்த எலும்பும் சேர்ந்த வாடை. ஆலையில் சேர்ந்த முதல் நாள், இந்த வாடையில்தான் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனார்.

கடைக்குள் நுழைந்து, கேட்காமலே ஒரு விரிப்பை எடுத்து முகர்ந்தார்.

"அம்மா, அடிக்குது."

சலவைக்கார அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "என்ன சார், ஜலதோஷம் விட்டுருச்சா?"

விரிப்பை வைத்துவிட்டு ஆலைக்குப் போனார். உருக்கும் கொப்பரைகளுக்கு நடுவே அரை மணி நேரம் நின்றார். பிறகு அதே கடைக்கு வந்து அதே விரிப்பை முகர்ந்தார். சோப்பு மட்டும்தான் இருந்தது. அந்த அம்மா மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார். அப்போதும் மூக்கு சாருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அலுவலகத்தில் நடைமுறைக் குறிப்பைத் தேடி எடுத்தார். முகர்ந்து சரிபார்ப்பவர் அன்று ஆலைக்குள் இருந்திருக்கக் கூடாது என்று நான்காம் பக்கத்தில் இருந்தது. 'படித்து அறிந்தேன்' என்பதற்குக் கீழே அவருடைய கையெழுத்து. பதினான்கு முறையும் கொப்பரைப் பக்கத்திலிருந்துதான் அவர் ஓடியிருந்தார். சீக்கிரம் போக வேண்டும் என்ற ஒரே நினைப்பு.

மேனேஜரிடம் சொன்னார்.

"அத்தனையும் தப்புன்னு எழுதப் போறீங்களா?" என்றார் மேனேஜர். "உங்க தலையில நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கறீங்க. காத்தைச் சுத்தம் பண்ற மரச்சில்லுப் படுகையத் தொறக்கச் சொல்வாங்க. மூணு நாள் ஆலை நிக்கும்."

"தெரியும் சார்."

"உங்க மூக்கைத்தானேய்யா நம்பியிருந்தோம்."

"நானும் அதைத்தான் சார் நம்பினேன்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் போயிருந்தாலும் இல்லைன்னுதான் எழுதியிருப்பேன்," என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு ஆய்வாளர் அம்மா வந்தார். பதிவேட்டில் 'உண்டு' என்று ஒன்றாவது இருந்தால்தான் அவர் தெருவுக்குப் போவார். இன்று பதினான்கு வரிகள் அடிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணம் எழுதியிருந்தது. பின்தெரு வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

"நீங்க சொல்லலைன்னா நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பேன்," என்றார். ஒரு வாரத்துக்குள் படுகையைத் திறந்து சில்லுகளை மாற்றச் சொல்லி உத்தரவு எழுதினார். "இனிமே வெளியாள்தான் மோந்து பாக்கணும். நீங்க போகக்கூடாது. உங்க மேல அறிக்கையும் போகும்."

"போகட்டும்மா."

சாயங்காலம் ஐந்து மணி சுமாருக்கு, ஆலையின் கடிதத்தாளில் எழுதிய நான்கு வரிகளோடு சலவைக் கடைக்குப் போனார். வாடை ஆலையிலிருந்து வருவது. முன்பு 'இல்லை' என்று எழுதியது என் தவறு. சலவையில் குறை இல்லை. கீழே கையெழுத்து.

சலவைக்கார அம்மா இரண்டு முறை படித்தார். நன்றி சொல்வார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை; சொல்லவும் இல்லை.

"சீல் எங்க?"

"மேனேஜர் கிட்ட இருக்கும்மா."

"அப்ப வாங்கிட்டு வாங்க. வெறும் கையெழுத்தை நம்பி நான் பட்டது போதும்."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

"சார்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "விடுதி வண்டி ஆறு மணிக்கு வந்துரும்."

நடையை எட்டிப் போட்டார்.