பக்கத்துக் குழி

பிரின்சிபால் தேவசகாயத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. கல்லூரி நாளன்று மேடை, மாலை, பேச்சு எல்லாவற்றுக்கும் முன்னால், ஊரில் எந்த இடம் அதிகம் நாறுகிறதோ அங்கே போய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவார். முதல் மண்வெட்டி அவருடையது. மாணவர்கள் அதற்குப் பிறகுதான். பஸ் நிலையத்துக் கழிப்பிடம், ஆடு அறுக்கும் கூடத்தின் சாக்கடை, அரசு ஆஸ்பத்திரியின் பின்புறம் என்று வருஷத்துக்கு ஒன்று. கரையில் அவர் மனைவி தயாவதி வெந்நீர் வாளியும் சோப்புமாக நிற்பாள். "கோட்டு போட்ட முனிசிபாலிட்டி" என்று லாரி ஆபீஸ்காரர்கள் கேலி பேசினார்கள். பேசியவர்கள் வீட்டுப் பெண்களே பிரசவத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் பள்ளிக்கூட சீட்டுக்கும் தயாவதியின் சமையலறை வாசலில் வந்து நின்றார்கள். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் எப்போதும் யாராவது அழுதுகொண்டோ சாப்பிட்டுக்கொண்டோ இருந்தார்கள்.

எண்பத்து மூன்றில் மழை பொய்த்தது. பாலாற்றில் வெறும் மணல். பள்ளத்தெருவுக்கு இருந்த ஒரே கிணற்றிலும் தண்ணீர் பழுப்பாகி, குடித்த பிள்ளைகளுக்கு வாயெல்லாம் புண். தெருமுனையில் தோல் பதனிட்டு, எப்போதோ மூடிப்போட்ட ஒரு டேனரி. அதன் கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கமாகக் கசிந்தது. முதலாளி மெட்ராஸுக்குப் போய்விட்டார். மனு கொடுத்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தத் தெருச் சுந்தரிதான் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து தயாவதியின் முன்னால் இறக்கினாள்.

"இத ஒரு வாய் குடிங்கம்மா. அப்பறம் பேசலாம்."

தயாவதி குடிக்கவில்லை. சுந்தரியின் தோளைத் தட்டி, "ஐயாகிட்ட சொல்றேன், நீ கவலப்படாத" என்று அனுப்பிவிட்டாள். அன்று சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னாள்.

"அப்போ இந்த வருஷம் அதுதான்" என்றார் அவர்.

"ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஊர்ல ஒரு சாக்கடை பாக்கி வைக்க மாட்டீங்க போலிருக்கே."

"வெச்சா அடுத்து வர்றவன் அதுல பேர் வாங்கிடுவான், தயா."

கல்லூரி நாள் வந்தது. தொட்டியின் மேலிருந்த கற்பலகையை நகர்த்தி ஏணி வைத்தார்கள். தேவசகாயம் பாதி ஏணியில் நின்று நிமிர்ந்து பார்த்து, "மோர் கொண்டாந்தியா?" என்று கேட்டார். "மேல வந்தாத்தான்" என்றாள் தயாவதி. அடிக்குப் போனவர் மண்வெட்டியை ஒரு முறை போட்டார். பிறகு களைத்துப்போனவர் மாதிரி அப்படியே உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சாய்ந்தார்.

"ஐயா!" என்று கத்திக்கொண்டு உள்ளே குதித்தவன் சுந்தரியின் புருஷன் கன்னியப்பன். வேறொரு டேனரியில் வேலை. அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அவரைத் தோளில் போட்டு ஏணிவரை இழுத்து வந்தான். அதற்கு மேல் அந்த விஷக்காற்றில் அவனாலும் முடியவில்லை. குதிக்கப் போன மாணவர்களைப் பேராசிரியர்கள் இடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். கயிறு போட்டு எடுத்தபோது இருவருக்குமே உயிர் இல்லை.

மறுநாள் காலை தேவசகாயம் வீட்டுக் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தார். எத்தனை முறை குளிப்பாட்டியும் தலைமுடியில் அந்த நாற்றம் போகவில்லை. சந்தனம் பூசினார்கள், சந்தனமும் நாற்றமும் சேர்ந்து இன்னொரு நாற்றமாயிற்று. லாரி ஆபீஸ் அஹமது பாஷா வீட்டிலிருந்து ஐஸ் கட்டிகள் வந்து இறங்கின. பிஷப் வருவதாகத் தந்தி வந்தது. தயாவதி அழவில்லை. ஒரே ஒரு நினைப்பைத்தான் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். சபைச் செயலாளர் கனகராஜைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"கன்னியப்பனையும் நம்ம கல்லறைத் தோட்டத்துலதான் வைக்கணும். இவர் பக்கத்துல."

கனகராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, அவன் ஞானஸ்நானம் வாங்காதவன்."

"தெரியும்."

"அதுவும் முன்வரிசை. பழைய குடும்பங்க இருக்கிற எடம். பேஜாராயிடும்மா. பின்னாடி மதிலோரமா வேணா கேட்டுப் பாக்கலாம்."

"மதிலோரம்தான்னா இவரையும் அங்கயே வைங்க. அதுவும் முடியாதா, ரெண்டு பேரையும் ஆத்து மணல்ல வைப்போம். பிஷப் வந்து மணல்ல நிக்கட்டும்."

சபைப் பெரியவர்கள் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சத்தம் ஏறி இறங்கியது. கடைசியில் போதகர் வெளியே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "உங்க இஷ்டப்படியே ஆகட்டும்" என்றார்.

உடனே குழி வெட்டும் வேலாயுதத்துக்கு ஆள் போனது. ரெண்டு குழி, ஒரே ஆழம், ஒரே நீளம். தச்சரிடம் இன்னொரு பெட்டி சொல்லியாயிற்று. இன்னொரு வெள்ளைத் துணி, இன்னொரு மாலை. எல்லாம் ஏற்பாடான பிறகுதான் தயாவதி பள்ளத்தெருவுக்கு நடந்தாள்.

சுந்தரி தலைவிரி கோலமாகப் பெஞ்சின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் கன்னியப்பன். தயாவதி தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சுந்தரி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"சுந்தரி, எல்லாம் பேசி முடிச்சுட்டேன். ஒத்துக்கிட்டாங்க. கன்னியப்பன ஐயா பக்கத்துலயே வைக்கப் போறோம். குழி வெட்டறாங்க. பெட்டியும் வந்துடும்."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள்.

"யாரு ஒத்துக்கிட்டாங்க?"

"சபைல எல்லாரும்."

"என்னை யாரு கேட்டாங்க?"

தயாவதி அவள் கையை இன்னும் இறுகப் பிடித்தாள்.

"எங்க மாமனாரு, கொழுந்தன், என் மூத்த பொண்ணு, எல்லாம் ஆத்தங்கரைலதான் இருக்குது. இவன் மட்டும் அங்க போய் இன்னா பண்ணுவான்? அங்க யாரத் தெரியும் அவனுக்கு? பால் தெளிக்க நான் வந்தா கேட்டத் தொறந்து உடுவாங்களா?"

"நான் பாத்துக்கறேன் சுந்தரி."

"எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கறீங்க. அந்தக் கொடத்த எதுக்கு எடுத்தாந்தேன்னு கேட்டீங்களா? கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போய் உக்காரலாம்னு நாங்க பொம்பளைங்கல்லாம் பேசி வெச்சிருந்தோம். நீங்களும் ஐயாவும் கூட வந்து உக்காந்தா போலீஸ் கை வெக்க மாட்டான். அதக் கேக்கத்தான் வந்தேன். வாயத் தொறக்கறதுக்குள்ள தட்டிக் குடுத்து அனுப்பிட்டீங்க. அப்பறம் பாத்தா நாளு குறிச்சு ஏணியோட வந்து நிக்கறீங்க."

"உடு சுந்தரி. அவங்களும் புருஷனப் பறிகொடுத்தவங்கதானே" என்றாள் பக்கத்து வீட்டு மரியம்மாள்.

"அதனாலதான் சொல்றேன். வேற யாருகிட்ட சொல்லுவேன்?" சுந்தரி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். "உயிரோட இருந்தப்ப ஐயா பின்னாடி ஓடினான். செத்தும் அவரு பின்னாடியே போகணுமாம்மா?"

வெளியே பறைக்காரர்கள் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சுந்தரி தானாகவே கையை விடுவித்துக்கொண்டாள்.

"போங்கம்மா. உங்க ஆளு காத்திட்டிருப்பாரு. எங்களுக்கும் நேரமாச்சு."

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. கடைத்தெரு முழுக்க அடைத்துவிட்டு வந்திருந்தார்கள். பிஷப் நன்றாகப் பேசினார். தேவசகாயத்தைத் தியாகி என்றார். கன்னியப்பனை "உடன் மரித்த ஒரு தொழிலாளி" என்றார். பெயரை யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அவர் ஜெபத்தைத் தொடங்கியபோது ஆற்றுப் பக்கத்திலிருந்து பறைச் சத்தம் கேட்டது. நிறுத்திப் பார்த்தார். அது நிற்பதாயில்லை. குரலை உயர்த்திக்கொண்டார்.

பெட்டியை இறக்கி மண் போட்டார்கள். பக்கத்துக் குழி வாய் பிளந்து கிடந்தது. பெண்கள் பிள்ளைகளை இழுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிப் போனார்கள். கூட்டம் கலைந்ததும் கனகராஜ் அருகில் வந்தார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

"அதை மூட வேணாம்மா. மேல கல்லு பரப்பி வெச்சுடலாம். பின்னால உங்களுக்கு ஆகும். அம்மாவும் ஐயாவும் ஒண்ணா இருக்கலாம்."

"மூடச் சொல்லுங்க."

"வெட்டினது வீணா..."

"எனக்கு வெட்டினது இல்ல அது."

வேலாயுதம் மண்ணைத் தள்ளினான், பொங்கி நின்ற மண்ணை மிதித்து மிதித்துத் தரையோடு சமமாக்கினான். அவன் மண்வெட்டியைக் கழுவப் போகும்வரை தயாவதி அங்கேயே நின்றாள். ஆற்றுப் பக்கம் பறை எப்போதோ ஓய்ந்திருந்தது. நாளைக்கு அங்கே பால் தெளிப்பார்கள். தன்னையும் வரச் சொல்லி யாராவது ஆள் அனுப்புவார்கள் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியது. யாரும் வரவில்லை.