மூன்றாவது குறுக்குத் தெருவின் உயரம்

அன்புக்கரசி தன் கணவர் பீம்ராவின் தலைமுடியை வாரி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது, வார்டு வாட்ஸப் குழுவில் கவுன்சிலர் நர்மதாவின் குரல் வந்தது. வழக்கமாக அவள் அதையெல்லாம் திறப்பதில்லை. குப்பை வண்டி வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று ஊரே புலம்பும்; கவுன்சிலர் இரண்டு கும்பிடும் கைகளைப் போட்டுவிட்டு, கவனிக்கிறேன் என்பார். அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? ஆனால் பீம்ராவ் விட மாட்டார். இரண்டு வருஷமாக வீட்டுக்குள்ளேயே கிடக்கும் மனுஷனுக்கு வார்டு செய்திதான் வெளியுலகம். "சவுண்டு வை" என்றார்.

"அனைவருக்கும் வணக்கம். நம்ம வார்டுக்கு மேம்பாட்டு நிதி வந்திருக்குது. பூங்காவுல நடைபாதை, பசங்களுக்குச் சறுக்குமரம், சுத்திக் கம்பிவேலி. மூணாவது குறுக்குத் தெருவுக்கு சிமெண்ட் ரோடு. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்குப் பூங்காவுல ஏரியா சபை. எல்லாரும் வந்து கருத்து சொல்லணும்."

மூன்றாவது குறுக்குத் தெரு அவர்களுடைய தெருதான். எர்ணாவூரில் எண்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு சந்து. ஆட்டோ வந்தால் சைக்கிள்காரன் யார் வீட்டு வாசலிலாவது ஏறி நிற்க வேண்டும்.

"ரோடு மேல வந்தா படி கீழ போவும்" என்றார் பீம்ராவ். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும். இது மட்டும் ஒரே மூச்சில் வந்தது. "போய் அளந்து பாருமே."

அளக்கத் தேவையில்லை. அந்தப் படிகளை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். ஒரு வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் புகுந்து கட்டில் மிதந்த பிறகு, பீம்ராவ் பழைய வீட்டை இடித்துவிட்டு மேடேற்றிக் கட்டினார். வாசலுக்கு ஐந்து படி. கவர்மெண்டு எத்தனை ரோடு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், நம் வீட்டுக்குள் ஒரு சொட்டு வராது என்று தெருவெல்லாம் கேட்கும்படி சொன்னார். சொன்னபடியே நடந்தது. தாரின் மேல் தார் போட்டு, தெரு இரண்டு படிகளை விழுங்கியது. மற்ற வீடுகள் எல்லாம் பள்ளத்துக்குப் போயின. இவர்கள் வீடு மட்டும் மூன்று படிக்கு மேலே நிமிர்ந்து நின்றது. பிறகு ஒரு நாள் அவருக்கு வலது கையும் காலும் விழுந்தன. அந்த மூன்று படியும் அவருக்கு எதிரியாகிவிட்டன.

வீட்டின் சுவர் முடியும் இடத்திலேயே தெரு தொடங்குவதால் சரிவு கட்ட இடமில்லை. பலகை போட்டுப் பார்த்தார்கள். செங்குத்தாக நின்ற பலகையில் வீல்சேர் வழுக்கி, அவர் முகம் குப்புற விழப்போனார். சரி, பிடித்துத் தூக்கிக் கீழே இறக்குகிறோம் என்று பக்கத்து வீட்டு ஆட்டோக்கார அமான் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தான். பீம்ராவ் இடது கையை ஓங்கிவிட்டார். "நாலு பேரு தூக்குற நாளு ஒண்ணு வரும். அன்னிக்கித் தூக்கு." துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டி மலை மலையாகப் பெட்டிகளைத் தூக்கி இறக்கியவர், தன்னை ஒருவர் தூக்குவதை மட்டும் தாங்க மாட்டார்.

முடி விஷயமும் அப்படித்தான். அமான் ஒரு முறை சலூன்காரரை வீட்டுக்கே அழைத்து வந்தான். பெட்டியோடு அவர் வாசலில் நின்றதைப் பார்த்ததும் பீம்ராவுக்கு முகம் சுருங்கிப்போனது. "சலூன்காரரு வூட்டுக்கு வர்றது எதுக்குன்னு தெரியும்ல? நான் இன்னும் உசுரோடதான் கீறேன்" என்றார். அந்த நல்ல மனிதர் காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார். சலூனுக்குப் போய், கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து வெட்டிக்கொள்வேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்று பிடிவாதம். அன்புக்கரசி கத்திரியை எடுத்தாலும் தலையை ஆட்டிக் கெடுத்துவிடுவார். வெள்ளை முடி தோள்வரை இறங்கியது. தெருப் பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்து "சாமியாரே" என்றார்கள். சாமி இல்லை என்று வாழ்நாள் முழுக்க மேடை போட்டுப் பேசியவருக்கு இதைவிட என்ன வேண்டும்? அவளுக்குச் சிரிப்பு வரும், உடனே அழுகையும் வரும்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் சாமியானா போட்டிருந்தார்கள். துருப்பிடித்த சறுக்குமரத்தின் அடியில் ஒரு நாய் படுத்திருந்தது. கவுன்சிலர் பூங்காவைப் பற்றிச் சொல்லி முடித்ததும், மாநகராட்சி இன்ஜினியர் தேவப்பிரியம் எழுந்தார். நாகர்கோவில் பக்கத்துப் பெண். நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

"இருக்குற ரோட்டு மேலேயே போட்டா பத்து நாள்ல முடிஞ்சிரும். ஜல்லி, கான்கிரீட் எல்லாம் சேர்த்து ஒரு அடி ஏறும். பழசைத் தோண்டி எடுத்துட்டுப் போடணும்னா, தெருவுல எல்லா வீட்டுக்காரங்களும் எழுதிக் குடுக்கணும். ஒரு வீடு ஆட்சேபணை சொன்னாலும் ஃபைல் திரும்பி வந்துரும். அப்புறம் மேலேயே போடுறதுதான்."

ஒரு அடி. அன்புக்கரசி மனதுக்குள் கணக்குப் போட்டாள். மூன்று படி சேர்ந்து இருபத்தொரு அங்குலம். பன்னிரண்டு போனால் ஒன்பது. ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சின்னப் பலகை போதும். அவளே தனியாகத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். பத்து நாளில்.

எதிர்வீட்டுக் குப்பம்மா எழுந்து நின்றாள். தனி மனுஷி, இட்லி சுட்டு விற்று மகளைப் படிக்க வைப்பவள். "மேடம், இப்பவே நான் குனிஞ்சிதான் வூட்டுக்குள்ள போறேன். மழை பேஞ்சா சாக்கடைத் தண்ணி என்னைக் கேக்காம உள்ள வருது. இன்னோர் அடி ஏத்துனீங்கன்னா ஜன்னல் வழியாதான் எறங்கணும்." எல்லோரும் சிரித்தார்கள். குப்பம்மா சிரிக்கவில்லை.

தோண்டித்தான் போட வேண்டும் என்று தெருவே ஒரே குரலில் சொன்னது. தோண்டினால் இப்போதைவிட அரை அடி தாழும் என்றார் இன்ஜினியர். யாரோ கை தட்டினார்கள். ஒரு வெள்ளைத்தாள் கைமாறிக் கைமாறி வந்தது. கடைசியாக அன்புக்கரசியின் மடிக்கு வந்தபோது அதில் இருபத்திரண்டு கையெழுத்து இருந்தது. பேனாவை நீட்டியவள் குப்பம்மாதான்.

"உன் வூடு மேட்டுல கீது, உனக்கு இன்னா. எங்களுக்கோசரம் ஒண்ணு போடு அன்பு."

உனக்கு இன்னா! அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது. எனக்கு என்னவா? என் புருஷன் வாசலைத் தாண்டி இரண்டு வருஷமாகிறது, அது தெரியாதா உனக்கு? தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும் போல இருந்தது. அது கூட வேண்டாம், வாயைத் திறந்து ஆட்சேபணை என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து, போன வருஷத்து மழை ஞாபகத்துக்கு வந்தது. கேஸ் அடுப்பைத் தலையில் வைத்துக்கொண்டு, மகளின் சர்டிபிகேட்டுகளைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் குப்பம்மா வந்து படியேறினாள். நான்கு நாள் இவர்கள் கூடத்தில் இருந்தாள். அந்த நான்கு நாளும் பீம்ராவைப் புரட்டிப் படுக்க வைத்தது, துடைத்தது, கஞ்சி புகட்டியது எல்லாம் அவள்தான். நீ போய்ப் படு என்று அன்புக்கரசியை உள்ளே துரத்தினாள். கணவன் விழுந்ததிலிருந்து அன்புக்கரசி முழுத் தூக்கம் தூங்கியது அந்த நான்கு நாள் மட்டும்தான்.

கையெழுத்துப் போட்டாள். கோணலாக விழுந்தது.

பீம்ராவ் ஜன்னலோரம் தலையை நீட்டிக் காத்திருந்தார். செருப்பை விடும் முன்பே கேட்டார். "எத்தினி படி போவுதாம்?"

"போவலைய்யா. ஒண்ணு கூடுது. தோண்டித்தான் போடுறாங்களாம். எல்லாரும் எழுதிக் குடுத்தாங்க."

"நீ?"

"நானுந்தான்."

திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் பொறுக்க முடியவில்லை. சமையற்கட்டுக்குப் போய் அரிசி களைந்துகொண்டே சத்தம் வராமல் அழுதாள். தவறு செய்துவிட்டோமா, ஊருக்கு நல்லவளாகி வீட்டுக்குத் துரோகியாகிவிட்டோமா என்று திரும்பத் திரும்பத் தோன்றியது.

சோறு கொதிக்கும் நேரத்தில் கூப்பிட்டார். "அன்பு, ரப்பர் பேண்டு அந்துபோச்சி." வேறு ஒன்றை எடுத்துப் பின்னால் நின்று கட்டினாள். கட்டி முடிக்கும்வரை சும்மா இருந்துவிட்டு அவர் சொன்னார், "குப்பம்மா நாலு நாளு இங்க போட்ட கொறட்டைக்கு ரோட்டைத் தோண்டறதே மேலு." அவள் அவருடைய நல்ல தோளில் ஓர் அடி போட்டாள். கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

மூன்று மாதத்தில் வரும் என்ற ரோடு வேலை ஐந்து மாதம் கழித்து வந்தது. ஒரு காலை ஜேசிபி சந்துக்குள் நுழைந்து தாரைப் பெயர்க்கத் தொடங்கியது. ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை ரோடுகள்! மதியத்துக்குள் முக்கால் தெரு ஓரடிக்கு மேல் தாழ்ந்தது. ஆனால் பெயர்த்ததை வாரிப்போக வேண்டிய லாரி வரவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் வண்டிகளின் வரிசையில் அது சிக்கிக்கொண்டதாம். ஜேசிபிக்காரன் எங்கே கொட்டுவது என்று கேட்டான். எந்த வாசலில் கொட்டினாலும் அந்த வீட்டுக்காரர் உள்ளே சிறைப்பட்டுவிடுவார்.

"அந்த மேட்டு வூட்டாண்ட கொட்டுப்பா" என்று குப்பம்மா கை காட்டினாள்.

அன்புக்கரசி வாசலுக்கு வந்து பார்க்கும்போது கல்லும் மண்ணும் தார்க்கட்டியுமாகப் படியெல்லாம் மறைந்து குவியல் நிலைப்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு வந்ததே கோபம். "கையெழுத்தும் நான் போடணும், உங்க குப்பையும் எங்க வூட்டாண்டதான் கொட்டணுமா? மனுசங்களா நீங்க?"

பின்னாலிருந்து பீம்ராவின் குரல் வந்தது. "அன்பு. கத்தாத. என்னை வாசலுக்குத் தள்ளு."

நிலைப்படியில் சக்கரம் முட்டி நின்றதும் அவர் குவியலை மேலும் கீழும் பார்த்தார். தெருவே மூடிக் கிடந்ததால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வண்டி எதுவும் இல்லை. இடது கையை உயர்த்தி ஜேசிபிக்காரனைப் பார்த்தார். விரல்களை மடக்கி விரித்தார், உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்தினார், கட்டைவிரலால் ஒதுக்கினார். கிரேன் வேலை செய்பவர்களின் சைகை. அந்த ஆள் ஒரு கணம் விழித்தான். பிறகு சிரித்துவிட்டு லீவரை இழுத்தான். இரும்புக் கை குவியலின் உச்சியைத் தள்ளித் தெருவோடு நீளமாகப் பரப்பியது, கரண்டியின் முதுகால் தட்டி அமுக்கியது. இன்னும் கொஞ்சம் இடது. போதும். அரை மணி நேரத்தில் வாசலிலிருந்து தெருவுக்கு நீண்ட சரிவு ஒன்று இறங்கியது.

குப்பம்மா வீட்டுக்குள் போய் ஓர் அகலப் பலகையைத் தூக்கி வந்தாள். மழைக்காலத்தில் தண்ணீர் வராமல் வாசலில் அடைத்து வைக்கும் பலகை. அதைச் சரிவின் முரட்டு இடத்தில் போட்டாள். "இனிமே எனக்கு எதுக்கு இது" என்றாள், அன்புக்கரசியின் முகத்தைப் பார்க்காமல்.

அன்புக்கரசி பின்னால் பிடித்துக்கொண்டாள், அமான் முன்னால் தாங்கிக்கொண்டான். சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் குதித்தது. பீம்ராவ் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். தெருவில் சக்கரம் சமமாக நின்றது. அவர் தலையைத் திருப்பித் தன் வீட்டைக் கீழேயிருந்து பார்த்தார். "பெயிண்டு கலீஜா கீதே" என்றார். பிறகு, "சலூன் தொறந்து கீதா?"

தெருமுனைச் சலூனில் அவரை மாற்றி உட்கார வைக்கவில்லை. சலூன்காரர் தன் சுழல் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, வீல்சேரைக் கண்ணாடிக்கு நேராக நிறுத்தி, வெள்ளைத் துணியைப் போர்த்தினார். ரப்பர் பேண்டோடு சேர்த்து ஒரே வெட்டு. முடிக்கொத்து தரையில் விழுந்தது. அன்புக்கரசி சேரின் பிடியை விடாமல் பின்னாலேயே நின்றாள். கண்ணாடியில் அவர் முகம் மெல்ல மெல்லப் பழைய முகமாகத் திரும்பிக்கொண்டிருந்ததைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

பாதித் தலை முடிந்திருந்தபோது, தெருவுக்குப் போயிருந்த அமான் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அக்கா! லாரி வந்துட்சிக்கா. மொத்தத்தையும் வாரிக்கினு கீறான். குப்பம்மாக்கா குறுக்க நின்னு கத்துது, கேக்க மாட்டேன்றான். சாயங்காலத்துக்குள்ள தெருவைக் காலி பண்ண ஆர்டராம்."

அன்புக்கரசி சேரின் பிடியை இறுக்கிக்கொண்டாள். கீழே ஓரடிக்கு மேல் தோண்டிக் கிடக்கிறது. தெரு விழுங்கிய இரண்டு படியும் வெளியே வந்து மறுபடி ஐந்து படியாகியிருக்கும். புது ரோடு வர எத்தனை நாளோ. இவரை எப்படி மேலே ஏற்றுவது? இன்று ராத்திரி எங்கே படுக்க வைப்பது? சலூன்காரர் கத்திரியை நிறுத்திவிட்டார். எல்லோரும் பீம்ராவைப் பார்த்தார்கள்.

அவர் கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தார். வாயின் வலது பக்கம் தொங்கியபடி இருக்க, இடது பக்கம் மட்டும் மேலே ஏறியது.

"அப்போ அவசரம் இல்ல" என்றார் சலூன்காரரிடம். "ஷேவிங்கும் பண்ணுப்பா. புது பிளேடு போடு."

அன்புக்கரசி சேருக்குப் பிரேக் போட்டாள். பிடியிலிருந்து கையை எடுத்தாள். சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். சலூன்காரர் கிண்ணத்தில் பிரஷ்ஷைச் சுழற்றினார். கன்னத்தில் நுரை ஏற ஏற, பீம்ராவ் கண்ணை மூடி முகத்தை நிமிர்த்திக் காட்டினார்.