கல்யாண பீருக்கான ஈஸ்ட்

உலையை மூட்ட இன்னும் பதினோரு மணி நேரம் இருந்தது. இதுவரை ரக்னா கடை டப்பாவில் வரும் மால்ட் பாகைக் கரைத்துத்தான் பீர் காய்ச்சியிருக்கிறாள். நாளைக்குத்தான் முதல்முறையாக முழுக்க முழுக்கத் தானியத்திலிருந்து காய்ச்சப் போகிறாள். அதுவும் தம்பி ஷூரின் கல்யாணத்துக்கு. அவர்கள் ஊரான வோஸ் பக்கத்தில் கல்யாண பீர் கெட்டுப்போனால் பேரன் காலம்வரை சொல்லிக்காட்டுவார்கள்.

முளைகட்டி உலர்த்திய பார்லி மால்ட்டை உடைத்து வைத்துவிட்டாள். பானையின் குழாய் ஒழுகவில்லை. பக்கத்துப் பண்ணையில் வாங்கிவந்த ஈஸ்ட் ஜாடியில் நுரைத்துக்கொண்டிருந்தது. ஷூர் மூடியைத் திறந்து முகர்ந்தான்.

"என்னக்கா, ஒரு மாதிரி இருக்கு?"

"ஈஸ்ட்னா அப்படித்தான்டா இருக்கும். மூடு."

"ஆரஞ்சு வாசனை வந்தாத்தான் ஊத்தணும், இல்லன்னா வேற தர்றோம்னு அவங்க சொன்னாங்கல்ல?"

"வருதே."

"எங்க வருது? எனக்கு ஊறுகாய் ஜாடிக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு. நீ மோந்து பாரு."

அவள் குனிந்தாள். மூக்கு நுனியில் நுரைதான் ஈரமாக ஒட்டியது.

"நல்லாத்தான் இருக்கு."

"அக்கா, நூத்திருபது பேர் குடிக்கப் போறாங்க. வரப்போற மாமியார் வேற, கடையிலயே வாங்கிடலாமேன்னு சொல்லக் காத்திட்டிருக்கு. ஆரஞ்சா, வினிகரா? நீ ஊத்தலாம்னு சொன்னா நான் வாயத் திறக்கல."

ரக்னா ஜாடியை அவன் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"எனக்குத் தெரியலடா. ஜனவரில காய்ச்சல் வந்ததுலேர்ந்து எனக்கு எந்த வாசனையும் தெரியல."