கையைக் கட்டிக்கொண்டு

அஞ்சலாட்சியின் காதை நான் முதன்முதலில் திருகியது 'கடல்' என்ற சொல்லுக்காக. கடல் அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். முந்தின நாள் சாயங்காலம் அந்த மூன்று எழுத்தையும் கூட்டி வாசித்துக் காட்டியவள், மறுநாள் அதே பக்கத்தில் அதே சொல்லைப் பார்த்து, முன்பின் கண்டிராதவள் போல விழித்தாள். திமிர் என்றுதான் நினைத்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பிரெஞ்சுப் பள்ளியின் பிரெவே பரீட்சை தேறிவிட்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் இருந்தேன். எனக்குச் சுலபமாக வந்த படிப்பு இன்னொருத்திக்கு வராது என்பதை நம்புகிற புத்தி எனக்கு இல்லை.

குருசுக்குப்பத்தில் படிப்பகம் நடத்தியவர் ஆதிமூலம், மில்லில் தறி ஓட்டுகிறவர். படிப்பகம் என்றால் ஓர் ஓலைக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, முந்தின நாள் பேப்பர். பிரெஞ்சுக்காரர்கள் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளில் பள்ளியில் பின்தங்கியவர்களுக்குச் சாயங்காலத்தில் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி, மேரி என்கிற முனிசிபல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பாவிடம் அவர் வந்தார். "கமலவேணிப் பாப்பா சும்மாதான இருக்குது, அனுப்பி வைங்க" என்றார். சும்மா இருந்த பாப்பா போனேன். எட்டுப் பிள்ளைகளில் ஏழு பேர் தீபாவளிக்குள் ஒரு வழியாகத் தேறிவிட்டார்கள். மிச்சம் இருந்தவள் அஞ்சலாட்சி.

பதினோரு வயது. மூன்றாம் வகுப்பில் மூன்றாவது வருஷம். மக்கு என்று தள்ளிவிடவும் முடியவில்லை. ஒரு கதையை ஒரே தடவை கேட்டால் போதும், மூச்சு விடாமல் திருப்பிச் சொல்லுவாள். புத்தகத்தைத் திறந்தால்தான் வாயடைத்துப் போகும். "எழுத்து ஒரே எடத்துல நிக்க மாட்டேங்குதுக்கா" என்றாள் ஒருநாள். "ஏன், அதுக்குக் கால் மொளச்சிருக்கா?" என்று கேட்டேன். மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவளுக்கு அப்பா இல்லை. அம்மா குஞ்சம்மாள் மில்லில் நூல் சுற்றும் வேலை பார்த்தாள். மாசி மாதம் இன்ஸ்பெக்டர் வருவார், அவர் முன்னால் வாசிக்கத் தெரியாவிட்டால் ரிஜிஸ்தரிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன் என்று பள்ளித் தலைமையாசிரியை சொல்லிவிட்டதாக ஒருநாள் வந்து நின்றாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் வீட்டில், வேலைக்குப் பெண் வேண்டும் என்று ஏற்கெனவே கேட்டிருந்தார்களாம்.

"நானு கைநாட்டும்மா. இதுவாச்சும் நாலெழுத்து படிச்சி ஆஸ்பத்திரி வேலைக்கு கீலைக்குப் போவும்னு பாத்தேன். வர்லன்னா இன்னா பண்றது, சொல்தா வூட்ல பாத்திரம் வெளக்கட்டும்."

அஞ்சலாட்சி ஓலையைக் கிள்ளிக்கொண்டு நின்றாள். அம்மா போன பிறகு, "நானு ஸ்கூலுக்கே போறேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து நான் காதைத் திருகவில்லை.

கார்த்திகை மழையில் கொட்டகை ஒழுகிப் பெஞ்சு நனைந்துவிட்டது. மழை விட்டதும் வெளியே ஈர மணலில் உட்கார்ந்தோம். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, அவள் பார்த்த எழுத்தை விரலால் மணலில் பெரிதாக இழுத்தாள். இழுத்து முடிக்கும்போது வாய் அந்த எழுத்தைச் சொன்னது. அழித்துவிட்டு அடுத்தது. அதையும் சொன்னது. கண்ணுக்குப் பிடிபடாதது விரலுக்குப் பிடிபட்டது, அவ்வளவுதான். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று வாரம் மணலிலேயே படித்தோம். பிறகு மணல் வேண்டியிருக்கவில்லை. கண் புத்தகத்தில் இருக்கும், வலது கை ஆள்காட்டி விரல் தொடைமேல் பாவாடையில் எழுதிக்கொண்டே போகும், வாய் வாசிக்கும். ஒரு வரி முடிவதற்குள் உலை கொதித்துவிடும். ஆனால் தப்பில்லாமல் வாசித்தாள். தை பிறப்பதற்குள் பாவாடையில் அந்த இடம் மட்டும் சாயம் போய் வெளுத்திருந்தது, மூன்றாம் வகுப்புப் புத்தகம் முடிந்திருந்தது. குஞ்சம்மாள் அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பிரெவே தேறிய அன்றுகூட எனக்கு அவ்வளவு கர்வம் இருந்ததில்லை.

அந்தக் கர்வம்தான் கெடுத்தது. அந்தக் காலத்தில் பெரியவர்கள் முன்னால் பிள்ளைகள் வாசிப்பதென்றால் கையைக் கட்டிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். புத்தகம் மேசைமேல் இருக்கும், பிள்ளை தள்ளி நிற்கும். நானும் அப்படி வாசித்து வளர்ந்தவள்தான். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின சாயங்காலம் அவளை நிற்க வைத்து ஒத்திகை பார்த்தேன்.

"தொடைய சொறிஞ்சிகிட்டு நிக்காத. பாக்கறவங்க சிரிப்பாங்க. கைய கட்டிக்கோ."

"கைய கட்டிக்கிட்டா எப்பிடிக்கா?"

"உனக்குத்தான் எல்லாம் வந்துடுச்சே. மரியாதையா நில்லு, போதும்."

சிரிப்பார்கள் என்று நான் பயந்தது அவளுக்காக இல்லை. கமலவேணி சொல்லிக்கொடுத்த லட்சணத்தைப் பார் என்று என்னைச் சொல்வார்களே என்றுதான். அஞ்சலாட்சி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டாள். சீக்கிரமே இருட்டிவிட்டதால் அப்படி நின்று ஒரு வரிகூட வாசிக்கச் சொல்லிப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஆதிமூலமும் நானும் பள்ளித் தாழ்வாரத்தில், ஜன்னலுக்கு வெளியே நின்றோம். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். "பயப்படாம படிம்மா" என்றார். அவள் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, சொன்னது சொன்னபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தைப் பார்த்தாள். வாய் திறந்து மூடியது. இடது கைக்குள் சிக்கியிருந்த வலது விரல் லேசாகத் துடிப்பது ஜன்னலிலிருந்து எனக்குத் தெரிந்தது. கையை விடு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தலைமையாசிரியை யார் அங்கே என்பது போல ஜன்னல் பக்கம் திரும்பினாள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். எட்டிப் பார்த்தபோது இன்ஸ்பெக்டர் இன்னும் சுலபமான பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். அதிலும் ஒன்றும் வரவில்லை. "மூணு வருஷமா இதே கதைதான் சார்" என்றாள் தலைமையாசிரியை. அவர் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடினார்.

திரும்பி நடக்கும்போது அஞ்சலாட்சி அழவில்லை. "ஏண்டி, கைய எடுத்திருக்கலாம்ல?" என்று நான்தான் கேட்டேன்.

"நீங்கதானக்கா கட்டிக்கச் சொன்னீங்க."

குத்திக் காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். முன்னால் போன ஆதிமூலம் காதில் விழாதவர் போல நடந்தார். அடுத்த நாள் தலைமையாசிரியையிடம் போய், விரலால் எழுதிக்கொண்டே படிக்கவிட்டால் படிப்பாள், இன்னொரு தடவை பாருங்கள் என்று கெஞ்சினேன். தொடையில் எழுதினால் படிப்பாளாமே என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, எடுத்த பேர் எடுத்ததுதான் என்றாள். குஞ்சம்மாளிடம் போனேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ இன்னாம்மா பண்ணுவ, அதும் தலைவிதி" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். என்னால்தான் கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதன் பிறகு படிப்பகத்துக்கும் நான் போகவில்லை.

வைகாசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. சாமான் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, எதிரே அஞ்சலாட்சி வந்தாள். சொல்தா வீட்டுக்குக் காலை ரொட்டி வாங்கிப் போகிறாள் போலும், கூடையில் நீள ரொட்டிகள் பேப்பர் சுற்றி இருந்தன. புதுப் பாவாடை கட்டியிருந்தாள், அதில் எங்கும் சாயம் போகவில்லை. என்னைக் கண்டதும் கூடையை அப்படியே கீழே வைத்தாள். சுவரோரம் ஒதுங்கி நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"கைய எடும்மா" என்றேன். "எடுத்துடு."

அவள் சிரித்தாள். கை இன்னும் கொஞ்சம் இறுகியது. எனக்குப் பின்னால் ஒரு ரிக்‌ஷாக்காரர் வழி கேட்டு மணியடித்துக்கொண்டிருந்தார். ரொட்டிக் கூடை நடுத்தெருவில் இருந்தது. அவள் அதை எடுக்காமல், நான் போவதற்காக நின்றுகொண்டிருந்தாள்.