எல்லையில் பாடிய சிள்வண்டு

முகில் கலைந்த முற்பகல். மேற்கே வானளாவ எழுந்து நின்ற மலையின் தோள்களில் வெண்பனி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் அடியில் விரிந்த பள்ளத்தாக்கு நகரமோ இளவெயிலில் குளித்து, கூரைகள் மின்ன, தெருக்களில் வண்டிகள் இரைய, தன் அன்றாட அலுவலைத் தொடங்கிவிட்டிருந்தது. நகரின் ஓரத்தே மஞ்சள் வண்ணம் பூசிய ஆய்வுக் கட்டடம் ஒன்று உண்டு, அன்பரே. அதன் மேல்மாடியில் மட்டும் பொழுது தலைகீழ். வெளியே பகலாயிருக்கும்போது அங்கே விளக்கணைத்து இரவாக்கி வைத்திருப்பார்கள். ஏனெனில் அங்குக் குடியிருந்தவை இருளில் மட்டுமே பாடும் சிள்வண்டுகள்.

அவற்றை ஏழாண்டுகளாக ஆராய்ந்துவந்த பெண்மணியை வாயிற்காவலர் முதல் மேலாளர் வரை அனைவரும் 'பூச்சியக்கா' என்றே அழைத்தனர். அவளும் அப்பெயருக்கு முகம் சுளித்ததில்லை. பள்ளத்தில் பிடித்த வண்டுகளை வெப்ப அறையிலும், மலைமுகட்டில் பிடித்தவற்றைக் குளிரறையிலும், தத்தம் பிறந்தகத்துத் தட்பவெப்பம் மாறாமல், கண்ணுங்கருத்துமாய் வளர்த்துவந்தாள். மீசை நீளமும் காலின் முள்ளும் இறகின் நரம்பும் உருப்பெருக்கியில் வைத்து நோக்கினும் இரண்டுக்கும் எள்ளளவு வேற்றுமையில்லை. பாட்டுத்தான் வேறு. பள்ளத்து வண்டு படபடவென்று பாடும். மலைவண்டு ஆற அமர இழுத்துப் பாடும். தன்னவனின் பாட்டைக் கேட்டால் துள்ளியோடும் பெண் வண்டு, அடுத்தவனின் பாட்டுக்கு மீசையைக்கூடத் திருப்பாது. ஒரே குடியாயிருந்தவை நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்து, பின்னொருநாள் எதிர்ப்பட்டாலும் ஒன்றையொன்று துணையென ஏற்காத நிலை வருமாயின், அங்கே புதியதோர் இனம் பிறந்துவிட்டது என்பது உயிரியல் நூலார் துணிபு. பாட்டே இவற்றைப் பிரித்த மதில் என்று அவள் முடிவுகட்டி, வரும் வெள்ளியன்று அறிஞர் அவையில் அதனை அறிவிக்கவிருந்தாள். அவள் வாழ்நாளின் பயனெல்லாம் அந்த ஒரு நாளில் வந்து நின்றது.

வண்டுகளுக்குத் தவிடும் நீரும் வைத்து, முட்டையிட ஈரமணற் கிண்ணம் மாற்றி, கூண்டு துடைக்கும் பொறுப்பு அவளுடைய அண்ணன் மனைவியினது. அந்த அண்ணியோ, வாய் சற்று நீளமாயினும் காது அதனினும் கூரியவள். கண்ணை மூடிக்கொண்டே இன்ன அறை வண்டு என்று சொல்லிவிடுவாள். அவ்வாரத் திங்கட்கிழமையன்று குளிரூட்டும் பொறி பழுதாகி மூச்சை நிறுத்தியது. மாற்றுறுப்பு வர நான்கு நாளாகும் என்று பழுது நீக்குபவர் கைவிரித்துவிடவே, அண்ணி குளிரறைக் கூண்டுகள் நாற்பதையும் தூக்கி வெப்ப அறையில் அடுக்கினாள். இரண்டு நாள் கழித்து உள்ளே நுழைந்தவள், கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, விறுவிறுவென்று படியிறங்கினாள்.

கீழே, அவையில் பேசவேண்டிய உரையைத் தீட்டித் தீட்டி மெருகேற்றிக்கொண்டிருந்த பூச்சியக்காவின் மேசையருகே அவள் வந்து நின்றாள்.

"கொஞ்சம் மேல வாம்மா. எது மலை, எது பள்ளம்னு எனக்குத் தெரியல."

"கூண்டுல சீட்டு ஒட்டியிருக்கே, அண்ணி."

"சீட்டைப் பாத்தா தெரியுது. கண்ணை மூடினா தெரியல."

பூச்சியக்கா மேலே சென்று இருளில் செவிசாய்த்தாள். எண்பது கூண்டுகளிலிருந்தும் எழுந்தது ஒரே பாட்டு, ஒரே விரைவு. தனக்கெனச் சூடில்லாத அச்சிற்றுயிர், காற்று வெதுவெதுப்பானால் சிறகை விரைந்து உரசும், குளிர்ந்தால் மெல்ல உரசும்; கேட்கும் பெண்ணின் செவியும் அதற்கேற்பவே விரையும், தாழும். வண்டுகள் வருந்தலாகாதென்று அவள் காட்டிய பரிவே அவளுக்குக் குழிபறித்துவிட்டது. ஏழாண்டுகளாக அவள் அளந்தது இனத்தையன்று, அறையின் வெப்பத்தை! நீள்பலகையின் இரு முனைகளிலும் இரு குடி ஆண்களை வைத்து, நடுவே பள்ளத்துப் பெண் வண்டுகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தாள். பன்னிரண்டில் ஏழு மலை ஆணின் பக்கம் போயின.

வெள்ளிக்கிழமை கடந்துபோகட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள் அண்ணி. தங்கள் இருவரைத் தவிர யாருக்குத் தெரியும் என்றும் கேட்டாள். பூச்சியக்கா தவிட்டு மூட்டைமேல் அமர்ந்துவிட்டாள். அந்த யோசனை அவளுக்கும் இனிக்கத்தான் செய்தது. அதை மறைத்து அவளை உயர்த்திக் காட்ட நான் விரும்பவில்லை.

"இதுங்க சரியாத்தான் பாடியிருக்கு, அண்ணி," என்றாள் இறுதியில். "நான்தான் சரியா கேக்கல. அதைத்தான் அங்க சொல்லணும்."

வெள்ளியன்று அவையேறி, தன் முடிவு பிழையென்றும் அதற்குக் காரணம் இன்னதென்றும் ஒளியாமல் உரைத்தாள். சிலர் தலையசைத்தனர், முன்வரிசையில் இருவர் வாய்பொத்திச் சிரித்தனர். மானம் போயிற்று என்று வீடு திரும்பியவள், இரண்டு நாள் உண்ணவும் மனமின்றிக் கிடந்தாள்.

ஆயினும் எஞ்சிய வினா ஒன்று அவளை எழுப்பிவிட்டது. பாட்டு மதிலன்று எனின், வேறு மதில் உண்டா? பள்ளத்துப் பெண்ணையும் மலை ஆணையும் ஒரே கூண்டில் இணைத்தாள். ஈரமணலில் முட்டைகள் குவிந்தன. பொரிந்த குஞ்சுகள் எறும்புபோல் மொய்த்தன. அவற்றைத் தன் கையாலேயே ஊட்டாத குறையாக வளர்த்தாள். இரண்டென்று நிறுவ ஏழாண்டு உழைத்தவள், இப்போது ஒன்றாகவே இருந்துவிடட்டும், தோற்றது தோற்றதாகவே முடியட்டும் என்று உள்ளூர ஏங்கினாள். கலப்பில் பிறந்த ஆண்கள் பெற்றோரினும் பருத்து, கணீரென்று பாடின. இரு குடிப் பெண்களும் அவற்றைத் தேடி வந்தன. மீண்டும் மணல் நிறைய முட்டை. இருபது நாள் சென்றது. முப்பது நாள் சென்றது. அண்ணி மணலைக் கிளறிப் பார்த்தாள். அத்தனையும் உலர்ந்த பதர். மும்முறை செய்தும் கலப்பாண்களின் வழியே ஓருயிரும் பிறக்கவில்லை. கலப்புப் பெண்களுக்கோ நூறு முட்டையில் இரண்டு பொரிந்தால் அதிகம்.

"அப்போ நீ மொதல்ல சொன்னது சரிதானே? ரெண்டும் வேற வேறதான். சிரியேன்டி."

"சொன்னது சரி, காரணம் தப்பு," என்றாள் பூச்சியக்கா. "சிரிப்பு வரல, அண்ணி."

புதிய ஆய்வேட்டின் முதற்பக்கத்தில் தன் பழைய பிழையை முழுவதும் எழுதி, அதன்பின்னரே உண்மையை எழுதினாள். இம்முறை அவை அதனை ஏற்றது. அச்செய்தி வந்த நண்பகலில் அவள் மேல்மாடியின் இருளுக்குள் நின்றிருந்தாள். கலப்பாண்களில் கடைசி ஒன்று, கால்முள் உதிர்ந்த முதுமையிலும், சிறகுயர்த்திப் பாடிக்கொண்டிருந்தது. பெண் வண்டுகள் இரண்டு அதனருகே நகர்ந்து வந்தன. அவள் விளக்கைப் போடவில்லை.

இனத்துக்கும் இனத்துக்கும் இடையிலான எல்லையை இயற்கை மலையிலும் ஆற்றிலும் மட்டும் வரைவதில்லை, அன்பரே. குறையேதுமின்றிப் பிறந்து, குறையேதுமின்றிப் பாடி, அழைத்தவர் வந்தும் வழித்தோன்றல் இல்லாமல் மறையும் இத்தகைய சிற்றுயிர்களின் உடலிலும் வரைகிறது. அவ்வுண்மையைக் கண்டவளுக்கு அறிஞர் உலகம் புகழ் தந்தது. அவளோ, அப்பாட்டு அடங்கிய மறுநாள், அக்கூண்டைத் தானே கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு, நெடுநேரம் அதனருகே அமர்ந்திருந்தாள்.