கார்லண்ட் கொடுத்த இடம்

நாடாளுமன்றக் குழு அறைக் கதவிலிருந்து வரிசை மாடிப்படி வரை நீண்டிருந்தது. கொரினுக்கு முன்னால் நின்றவர்களில் பாதிப்பேர் கூலிக்கு நிற்பவர்கள். கதவு திறக்கும் நேரத்துக்கு, கம்பெனிகளுக்காக உறுப்பினர்களிடம் பேசும் கோட்டுப் போட்ட லாபிக்காரர்கள் காப்பிக் கோப்பையோடு வந்து அவர்கள் இடத்தில் நின்றுகொள்வார்கள். வாஷிங்டனில் அதுதான் வழக்கம். அழுத்தக் குழுக்கள் சட்டங்களை எப்படி வளைக்கின்றன என்று பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் கொரின், இந்த வரிசையைப் பற்றியே ஓர் அத்தியாயம் எழுதியிருந்தாள்.

எழுதி என்ன? இன்று அவளுக்கு உள்ளே ஒரு நாற்காலி வேண்டும்.

அவள் மகன் நீல்ஸ் அயோவாவில் ஓர் இரும்புக் குதிருக்குள் இறங்கி வேலை செய்தபோது, கீழே யாரோ தானியம் இறக்கும் இயந்திரத்தை ஓட்டிவிட்டார்கள். மக்காச்சோளம் அவனை உள்ளே இழுத்து மூடிவிட்டது. ஆள் உள்ளே இருக்கும்போது இயந்திரத்தைப் பூட்டிவைக்க வேண்டும் என்ற பிரிவு இப்போது ஒரு மசோதாவில் இருந்தது. அதை நீக்கும்படி தானியக் கிடங்குக்காரர்களின் சங்கம் நெருக்கியது. முடிவு குழு உறுப்பினர் பிரென்டிஸ் கையில். "உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு அதை எடுக்க எனக்கு மனசு வராதும்மா" என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, மகனின் படத்தோடு வந்திருந்தாள்.

"எதுவரைக்கும் உள்ள விடுவாங்க?" என்று முன்னால் நின்றவனைக் கேட்டாள். டூவெய்ன் என்று பெயர், கூலிக்கு நிற்பவன்.

"இந்தத் தூண் வரைக்கும் மேடம். நான் தூண்லதான் சாஞ்சிருக்கேன். எனக்குப் பின்னாடி நிக்கிறவங்க சும்மா காத்து வாங்கலாம்."

"உங்க இடத்தை எனக்குத் தர முடியுமா? கெஞ்சிக் கேக்கறேன்."

"தந்தா நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்? இத்தனை வருசமா நிக்கிறேன், உள்ள எப்படி இருக்கும்னு நானே பாத்ததில்ல."

அவன் இடத்துக்கு உரியவர் வந்தார். கார்லண்ட், அதே கிடங்குக்காரர் சங்கத்தின் லாபிக்காரர். தன் ஆய்வுக்காக அவரிடம் அவள் பலமுறை பேட்டி எடுத்திருக்கிறாள்.

"என்ன புரொஃபசர், பாடத்தை விட்டுட்டு நேரா களத்துலயே குதிச்சிட்டீங்களா?" என்றவர், படத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "என் இடத்துல நீங்க போங்க."

"நீங்க?"

"எனக்கு ஒருத்தரோட மதியச் சாப்பாடு இருக்கு. போங்க."

அவள் அவர் கையைப் பற்றிக்கொண்டு நன்றி சொன்னாள். கண் நிறைந்துவிட்டது.

முன்வரிசையில் இடம் கிடைத்தது. படத்தை மடியில் நிமிர்த்தி வைத்தாள். பிரென்டிஸ் பார்த்தார், தலையசைத்தார். மகனைப் புதைத்த பிறகு அன்றுதான் அவளுக்கு மூச்சு நெஞ்சுக்குள் முழுதாக இறங்கியது.

பழக்கத்தால் அறையை நோட்டம் விட்டாள். உரக் கம்பெனிக்காரர்கள், ரயில்காரர்கள், எல்லாரும் இருந்தார்கள். கிடங்குக்காரர்கள் பக்கத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. ஆண்டுதோறும் வகுப்பில் அவளே சொல்லும் வாக்கியம் காதில் ஒலித்தது: 'அறைக்கு வராதவனைக் கவனிங்க. காரியம் முடிஞ்சவன் வரமாட்டான்.'

கார்லண்ட் போகச் சொன்ன கதவை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சின்னத் திருத்தங்களையெல்லாம் ஒரே கட்டா ஓட்டுக்கு எடுத்துக்கலாம்" என்றார் குழுத் தலைவர். "எல்லாரும் படிச்சிருப்பீங்க."

பிரென்டிஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியே வெளியேறினார். சொன்ன சொல் தவறவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் எதையும் எடுக்கவில்லை.

"மறுப்பு இருக்கா?"

"இருக்கு" என்று கொரின் எழுந்தாள்.

"பார்வையாளர்கள் பேசக்கூடாது மேடம்."

"பூட்டு பத்தின பிரிவும் அந்தக் கட்டுல போகுதா? அதை மட்டும் சொல்லுங்க. நான் உக்காந்துடறேன்."

உறுப்பினர்கள் தாள்களைப் பார்த்தார்கள். கட்டு நிறைவேறிவிட்டதாக மரச்சுத்தி மேசையில் விழுந்தது. காவலர் வந்து அவள் முழங்கையை, நோகாமல்தான், பிடித்தார். படத்தை அவள் தலைக்கு மேல் தூக்கியபோது பிரென்டிஸின் நாற்காலி இன்னும் காலியாகவே இருந்தது.

வெளியே டூவெய்ன் அடுத்த கூட்டத்துக்கான வரிசையில் நின்றிருந்தான்.

"உள்ள எப்படி இருக்கு மேடம்?"

"நாற்காலியெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.