பேர் சொல்லாத குரல்

மெத்தைகளுக்கும் ஜமுக்காளங்களுக்கும் நடுவில், தலையணைமேல் நிறுத்தி வைத்த மைக்கை முறைத்தபடி காமாட்சி ஆச்சி உட்கார்ந்திருந்தார். திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் அந்தப் பெரிய வீட்டில் எதிரொலி இல்லாத இடம், விசேஷத்துக்கு வரும் விருந்தாளிகளுக்கான படுக்கைகளை அடுக்கி வைத்திருக்கும் இந்த அறை ஒன்றுதான். மகள் உமையாள் சென்னையில் ஒலி கேட்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். எவ்வளவு இரைச்சலிலும் பழகிய குரலைக் காது எப்படிப் பொறுக்கி எடுக்கிறது என்பது அவள் கேள்வி. புருஷன் பெண்சாதிகளாகப் பிடித்துச் சோதித்துக்கொண்டிருந்தவள், லீவுக்கு வந்த இடத்தில் பெற்றவர்களையும் விடவில்லை.

ஆச்சி அதற்கு ஒத்துக்கொண்ட காரணம் வேறு. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால், ஹாலில் பேப்பர் படிக்கும் புருஷன் நாச்சியப்பச் செட்டியாருக்குக் கேட்பதில்லை. மாடியில் செல்போன் முனகினால் மட்டும் கேட்டுவிடும். காது மந்தம் என்றால் டாக்டர் உண்டு, மெஷின் உண்டு. காது நன்றாக இருந்தும் கேட்காத மனுஷனுக்கு என்ன வைத்தியம் செய்வது? இந்தச் சந்தேகம் வந்ததிலிருந்து ஆச்சி வாயைக் குறைத்துக்கொண்டார். சாப்பிட வாங்க, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான். ஊர்க்கதை பேசியே வளர்ந்த வாய் அது. மூடி வைத்ததில் அவருக்கே மூச்சு முட்டியது. இன்றைக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

படிக்க வேண்டியது சின்னச் சின்ன வாக்கியங்கள்தான். முதல் வாக்கியம், "நாச்சியப்பன், சிவப்பு வட்டத்தைத் தொடுங்கள்." ஆச்சி அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னடி இது, அவுக பேரை எழுதி வச்சிருக்கே?"

"தன் பேரைச் சொன்னா யாருக்கும் காது சட்டுனு திரும்பும் ஆத்தா. சென்னையில எல்லாரும் புருசன் பேரைச் சொல்லித்தான் படிச்சாக."

"அவங்க படிக்கட்டும். நான் மாட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேர் ஆச்சியின் வாயில் வந்ததில்லை. பேங்கில் கேட்டால் ஆதார் அட்டையை நீட்டுவார். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் விடாமல் கேட்டபோது, பக்கத்தில் நின்றவளை இடித்து "நீ சொல்லேன்டி" என்றிருக்கிறார். முன்பின் தெரியாத அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். உமையாள் கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள். ஆச்சி எல்லா வாக்கியத்தையும் தன் இஷ்டத்துக்கே படித்தார்: "என்னங்க, செவப்பு வட்டத்தைத் தொடுங்க." மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

காப்பி குடித்ததும் செட்டியார் ஹெட்போனும் மடியில் டேப்லெட்டுமாக ஹாலில் உட்கார்ந்தார். ஒரே நேரத்தில் இரண்டு பெண் குரல்கள் வரும். எந்தக் குரலைக் கேட்கச் சொன்னார்களோ அது சொல்லும் வடிவத்தைத் திரையில் தொட வேண்டும். இரண்டும் தெரியாத குரலாக வந்தபோது, "ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசுனா நான் யாரைக் கேக்குறது" என்று தடுமாறினார். ஆச்சியின் குரல் கலந்ததும் விரல் தயங்கவே இல்லை. கதவோரம் நின்று பார்த்த ஆச்சிக்கு மனசு குளிர்ந்தது. அடுத்த நொடியே சுருக்கென்றது. இவ்வளவு நன்றாகக் கேட்கிற மனுஷனா இவர்?

"இப்ப ஆத்தா குரலை ஒதுக்கிருங்க அப்பச்சி. ஒங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுறவ சொல்றதை மட்டும் செய்யிங்க" என்றாள் உமையாள். பழகிய குரலைப் பிடிப்பது போலவே ஒதுக்குவதும் சுலபம் என்று அவளுடைய துறையில் கண்டிருக்கிறார்கள். செட்டியார் தலையாட்டினார். யாரோ ஒருத்தி "நாச்சியப்பன், பச்சைச் சதுரத்தைத் தொடுங்கள்" என்றாள். அவர் விரல் ஆச்சி சொன்ன சிவப்பு வட்டத்துக்குப் போனது. அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும்.

"பேரு சொல்றவளைக் கேளுங்கன்னேன் அப்பச்சி."

"கேக்குதும்மா. பேரைச் சொன்னா பேங்குல டோக்கனுக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கு. 'என்னங்க'ன்னாத்தானே நம்மளைக் கூப்பிடுது."

உமையாள் விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த ஜோடி ஆராய்ச்சிக்கு உதவாது; ஆனால் சென்னைக்குக் கொண்டுபோக ஒரு புதுக் கேள்வி கிடைத்துவிட்டது. ஆச்சி சிரிக்கவில்லை. நேரே செட்டியார் முன்னால் வந்து நின்றார்.

"அப்ப அடுப்படியில இருந்து கூப்பிட்டதெல்லாம் கேட்டுச்சா?"

செட்டியார் ஹெட்போனைக் கழற்றினார். "கேட்டுச்சு. அவசரமா இல்லையான்னு ஒன் கொரல்லயே தெரியுமே. அவசரம்னா வந்துருவேன்ல. மத்ததைச் சும்மா பேசக் கூப்பிடுறேன்னு விட்டுருவேன்."

"சும்மா பேசத்தான் கூப்பிட்டேன்."

ஆச்சி விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அடுப்படி வாசலில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஆச்சி திரும்பிப் பார்க்கவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டார். தேங்காயை மிக்ஸியில் போட்டு ஓட்டியபடியே, எதிர்வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போன கதையை, குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் ஆரம்பித்தார். மிக்ஸி அலறியது. குக்கர் விசிலடித்தது. ஹாலில் இருந்த உமையாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் ஒரு சொல் பிடிபடவில்லை. நாற்காலியிலிருந்து மட்டும், வர வேண்டிய இடத்திலெல்லாம், "ம்... அப்பறம்?" என்று வந்துகொண்டே இருந்தது.